கனம் குறைத்த கைவினைஞர் ஹென்றி ஃபோர்டு

பொருட்பாலின் வலியறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் ஒரு வண்டியைக் காட்டுகிறார். அதில் ஏற்றியிருப்பவை மயிலிறகுகள். மயிலிறகுதானே என்று எண்ணி அளவின்றி ஏற்றிக்கொண்டே போனால் அவ்வண்டியின் அச்சும் முறிந்துபோகும் என்பது அவர் தரும் எச்சரிக்கை. அரசனுக்குச் சொல்லப்பட்ட உவமை அது. ஆயின் வண்டி செய்து பிழைக்கும் தச்சனுக்கும் கொல்லனுக்கும் அது அன்றாடக் கணக்கு.

அச்சு முறியாமல் இருக்க இரண்டு வழிகள் உண்டு. அச்சை இன்னும் பருமனாகச் செய்வது ஒரு வழி. அதே பருமனில், அல்லது அதனினும் குறைந்த பருமனில், கூடுதலாகத் தாங்கும் பொருளைத் தேடிக் கண்டுபிடிப்பது மற்றொரு வழி. முதல் வழி எளிது. ஆயின் பருத்த அச்சே வண்டிக்கு ஒரு சுமையாகிவிடும். அச்சுமையைத் தாங்கச் சக்கரம் பருக்க வேண்டும். பருத்த சக்கரத்தை உருட்ட எஞ்சின் பெருக்க வேண்டும். பெருத்த எஞ்சினுக்கு எரிபொருள் மிகுதியாக வேண்டும். இரண்டாம் வழி அரிது; பொறுமையும் பொருட்செலவும் வேண்டுவது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவ்வரிய வழியைத் தேர்ந்து நடந்தவருள் முதன்மையானவர் ஹென்றி ஃபோர்டு.

ஃபோர்டு என்றவுடன் நகரும் தொகுப்பு வரிசையும், நாளொன்றுக்கு ஐந்து டாலர் கூலியும், கோடீசுவரர் என்ற பெயருமே பலர் நினைவுக்கு வரும். எடையைப் பற்றி அவர் வாழ்நாள் முழுதும் கொண்டிருந்த சிந்தனை அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இலக்கிய வட்டமொன்றின் பத்தாண்டு நிறைவு மலரில் ஒரு பொறியாளரின் வாழ்வு இடம்பெறலாமா என்று சிலர் வினவக்கூடும். ஒரு மனிதர் எதனை வேண்டாமென்று ஒதுக்கினார், எதனை இறுதிவரை ஒதுக்க இயலாது சுமந்தார் என்பதை ஆராய்வது இலக்கிய மாணவர்க்கும் உரிய பணியே. மேலும், தனித்தமிழ் வளர்த்த மறைமலையடிகளின் பெயரைத் தாங்கிய மறைமலைநகரில் 1999 தொடங்கி 2022 வரை ஃபோர்டின் பெயரைத் தாங்கிய கார்கள் உருவாயின. அப்பெயருக்கு உரியவரை நாம் அறிந்துகொள்வது பொருந்துவதே.

பிறப்பும் இளமையும்

ஹென்றி ஃபோர்டு 1863ஆம் ஆண்டு சூலை 30ஆம் நாள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மிச்சிகன் மாநிலத்தில், டியர்பார்ன் அருகில் ஒரு வேளாண் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வில்லியம் ஃபோர்டு அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர். தாயார் மேரி 1876இல் மறைந்தார். அப்போது மகனுக்கு வயது பதின்மூன்றுகூட நிறையவில்லை. நிலத்தை உழுது வாழும் வாழ்வில் உடலுழைப்பு மிகுதி, பயன் குறைவு என்ற எண்ணம் இளமையிலேயே அவர் மனத்தில் ஊன்றியது. கடிகாரங்களைப் பிரித்துப் பூட்டுவதில் அவருக்குப் பெருவிருப்பம் இருந்தது.

தாயை இழந்த அதே காலத்தில்தான், குதிரை பூட்டாமல் தானே நகரும் ஒரு நீராவி வண்டியை அவர் சாலையில் முதன்முதலாகக் கண்டார். கதிரடிக்கும் பொறிகளையும் மரம் அறுக்கும் வாள்களையும் இயக்குவதற்காக ஊர் ஊராகச் செல்லும் வண்டி அது. கொதிகலன், நீர்த்தொட்டி, நிலக்கரி ஆகிய அனைத்தையும் தன்னோடு கொண்டு சென்றது. அக்காட்சி சிறுவனின் வாழ்க்கைப் போக்கையே தீர்மானித்தது எனலாம். பின்னர் இளைஞராகி அத்தகைய நீராவிப் பொறிகளைப் பழுதுபார்க்கும் வேலையில் அமர்ந்தபோது அவற்றின் குறையும் புலப்பட்டது. பல டன் எடையுள்ள அவ்வண்டிகள் சிறு உழவர்களுக்கு உதவவில்லை. வாங்கும் விலையிலும் இல்லை. தானே நகரும் வண்டி வேண்டும். ஆனால் அது தன்னையே சுமந்து களைத்துப்போகும் வண்டியாக இருத்தலாகாது என்பதை அவர் அனுபவத்தில் கற்றார்.

1879இல், பதினாறாம் வயதில், டிட்ராய்ட் நகருக்குச் சென்று இயந்திரப் பட்டறையொன்றில் தொழில் பழகினார். 1888இல் கிளாரா பிரையன்ட் என்னும் நங்கையை மணந்தார். 1891இல் எடிசன் மின்னொளி நிறுவனத்தில் பொறியாளராகச் சேர்ந்து, 1893இல் தலைமைப் பொறியாளரானார். அவ்வாண்டு நவம்பரில் ஒரே மகன் எட்செல் பிறந்தான்.

முதல் வண்டி

பகலில் மின் நிலையப் பணி. இரவில் வீட்டின் பின்புறக் கொட்டகையில் தம் சொந்த ஆய்வு. இவ்வாறு உழைத்து 1896 சூன் 4ஆம் நாள் வைகறையில் தம் முதல் வண்டியை வெளியே கொணர்ந்தார். கொட்டகையின் வாயில் வண்டியைவிடக் குறுகலாக இருந்ததால் செங்கல் சுவரை இடித்தே அதனை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அவ்வண்டியின் எடை ஏறத்தாழ 500 பவுண்டு. அதாவது 230 கிலோவுக்கும் குறைவு. சக்கரங்கள் மிதிவண்டிச் சக்கரங்களைப் போன்றவை. அக்காலத்தில் மிதிவண்டித் தொழில் அமெரிக்காவில் தழைத்திருந்தது. மெல்லிய கம்பிகளால் ஆன சக்கரமும் உள்ளீடற்ற குழாய்ச் சட்டமும் ஒரு மனிதனின் எடையைத் தாங்கி விரைந்து செல்வதை மக்கள் தெருவெங்கும் கண்டனர். மோட்டார் வண்டி செய்தவர்களுள் பலர் குதிரை வண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, அதன் மீது எஞ்சினை ஏற்றிவைத்தனர். ஃபோர்டு மிதிவண்டியின் பக்கம் சாய்ந்தார்.

அதன்பின் வந்த ஆண்டுகள் எளிதாக அமையவில்லை. 1899இல் தொடங்கிய முதல் நிறுவனம் 1901இல் கலைந்தது. இரண்டாவது நிறுவனத்திலிருந்து 1902இல் கருத்து வேற்றுமையால் விலகினார். 1903 சூன் 16ஆம் நாள் ஃபோர்டு மோட்டார் நிறுவனம் உருப்பெற்றது. அங்கும் பூசல் எழுந்தது. முதலீட்டாளர்களுள் முக்கியமானவரான அலெக்சாண்டர் மால்கம்சன், செல்வர்கள் விரும்பும் பெரிய, விலை மிகுந்த கார்களே ஆதாயம் தரும் என்று கருதினார். அக்கருத்துக்கு இணங்க ஆறு உருளை எஞ்சின் கொண்ட ‘கே’ வகைக் கார் வெளிவந்தது. அதில் ஃபோர்டுக்கு மனநிறைவு இல்லை. எளிய மக்கள் வாங்கத்தக்க இலேசான வண்டியே தம் குறிக்கோள் என்பதில் அவர் உறுதியாக நின்றார். 1906இல் மால்கம்சனின் பங்குகளை வாங்கியபின்தான் அவர் கை ஓங்கியது.

எஃகைத் தேடிய கதை

இலேசான வண்டி வேண்டும் என்று விரும்புவது எளிது. ஆனால் அக்காலத்து எஃகைக் கொண்டு அச்சையும் பற்சக்கரத்தையும் மெலிதாகச் செய்தால் அவை அமெரிக்க நாட்டுப்புறச் சாலைகளின் பள்ளமேடுகளில் முறிந்துபோயின. எனவே வண்டியின் வடிவத்தை மாற்றுவதற்கு முன் அது ஆக்கப்படும் பொருளை மாற்றவேண்டியிருந்தது.

1905இல் புளோரிடாவின் பாம் பீச் என்னுமிடத்தில் நடந்த கார்ப் பந்தயமொன்றில் ஒரு பிரெஞ்சுக் கார் விபத்தில் சிதைந்ததாகவும், அதன் சிதைவுகளில் கிடந்த சிறிய வால்வு உறுப்பொன்றைத் தாம் எடுத்துப் பார்த்தபோது அது வியப்பூட்டும் அளவு இலேசாகவும் உறுதியாகவும் இருந்ததாகவும் ஃபோர்டு 1922இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்று நூலில் எழுதுகிறார். அதனைச் சோதித்தபோது அது வெனடியம் என்னும் தனிமம் சிறிதளவு கலந்த எஃகு என்று தெரியவந்ததாம். இக்கதையை வரலாற்றாசிரியர்கள் சிலர் அப்படியே ஏற்பதில்லை. உலோகவியல் அறிஞர் கென்ட் சுமித் வழியாகவும், ஃபோர்டின் உதவியாளர் ஹரால்டு வில்சின் முயற்சியாலுமே அவ்வெஃகு அந்நிறுவனத்துக்கு அறிமுகமாயிற்று என்பர். எவ்வழியாக வந்திருப்பினும் அதன் சிறப்பை உடனே உணர்ந்து அதன்மேல் தம் எதிர்காலத்தையே பணயம் வைத்தவர் ஃபோர்டு என்பதில் ஐயமில்லை.

எஃகு என்பது இரும்பில் சிறிதளவு கரி கலந்தது. அதனுள் நுண்ணிய படிகங்கள் மணிமணியாக அடுக்கப்பட்டுள்ளன. வெனடியம் கரியுடன் சேர்ந்து மிக நுண்ணிய துகள்களாகி அப்படிகங்கள் பெரிதாக வளராமல் தடுக்கிறது. மணிகள் சிறுத்து நெருங்கும்போது எஃகின் வலிமை கூடுகிறது. மீண்டும் மீண்டும் வரும் அதிர்வையும் முறுக்கையும் தாங்கும் ஆற்றல் மிகுகிறது. இதற்கு வேண்டிய வெனடியத்தின் அளவு நூற்றில் ஒரு பங்கினும் மிகக் குறைவு. சோற்றுக்கு உப்புப் போல, அளவில் சிறிதாயினும் விளைவில் பெரிது.

அவ்வெஃகை அமெரிக்காவில் உருக்கித் தருவோர் அன்று இல்லை. ஃபோர்டின் கூற்றுப்படி, வழக்கமான உலைகள் 2,700 பாரன்ஹீட் பாகைக்கு மேல் வெப்பம் தரவில்லை; வெனடியம் எஃகுக்கு 3,000 பாகை தேவைப்பட்டது. ஒகையோ மாநிலத்தின் கான்டன் நகரில் இருந்த சிறிய எஃகு ஆலையொன்றை அவர் அணுகினார். முயற்சி தோற்றால் வரும் இழப்பைத் தாமே ஏற்பதாக உறுதியளித்தார். முதல் உருக்கு தோற்றது. இரண்டாம் முறை வெற்றி கிட்டியது. அதுவரை பயன்பட்ட எஃகு சதுர அங்குலத்துக்கு 60,000 முதல் 70,000 பவுண்டு வரையிலான இழுவிசையையே தாங்கிற்று. புதிய எஃகு 1,70,000 பவுண்டு தாங்கியது என்று அவர் குறிப்பிடுகிறார். இரு மடங்குக்கும் மேலான இவ்வலிமை கையில் இருக்கும்போது, ஓர் உறுப்பை முன்போல் பருமனாக வார்க்க வேண்டிய தேவை எங்கே?

இதன்பின் ஃபோர்டு செய்த செயல் கருதத்தக்கது. காரின் ஒவ்வோர் உறுப்பையும் தனித்தனியே எடுத்து அதற்கு எத்தகைய எஃகு வேண்டும் என்று ஆராயச் செய்தார். ஓரிடத்தில் கடினம் வேண்டும். ஓரிடத்தில் வளைந்து மீளும் தன்மை வேண்டும். பிறிதோரிடத்தில் முறுக்கைத் தாங்கும் உரம் வேண்டும். ஏறத்தாழ இருபது வகை எஃகுகள் தெரிந்தெடுக்கப்பட்டன. அவற்றுள் பத்து வகையளவில் வெனடியம் இடம்பெற்றது. அனைத்துக்கும் ஒரே எஃகு, அச்சம் ஏற்பட்டால் இன்னும் கொஞ்சம் பருமன் என்ற பழைய முறை இவ்வாறு கைவிடப்பட்டது.

‘டி’ வண்டி

1908 அக்டோபர் முதல் நாள் ‘டி’ வகைக் கார் அறிமுகமாயிற்று. டிட்ராய்ட் நகரின் பிக்கெட் சாலைத் தொழிற்கூடத்தில், மூன்றாம் மாடியின் ஒரு தனியறையில், ஃபோர்டும் வில்சும் அங்கேரியரான யோசெப் கலம்பும் பிறரும் கூடி உருவாக்கிய வண்டி அது. எஞ்சினுக்கு நான்கு உருளைகள்; ஆற்றல் 20 குதிரைத்திறன்; எடை ஏறத்தாழ 1,200 பவுண்டு, அதாவது 545 கிலோ. அச்சு, வில், பற்சக்கரம் முதலிய முக்கிய உறுப்புகள் வெனடியம் எஃகால் ஆனவை. அடிச்சட்டம் விறைத்து நில்லாமல் சாலையின் மேடுபள்ளத்துக்கேற்பச் சற்றே வளைந்து கொடுக்கும்படி அமைக்கப்பட்டது. கனமான கார்கள் சேற்றில் புதைந்து நின்ற இடங்களில் இவ்வண்டி தப்பிச் சென்றது. புதைந்தாலும் ஓரிருவர் சேர்ந்து தள்ளி மீட்கலாம்.

எடை குறைந்தால் எரிபொருள் எங்ஙனம் மிச்சமாகும் என்பதை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம். நின்ற வண்டியை ஓடச் செய்வதற்கு வேண்டிய ஆற்றல் அதன் எடைக்கேற்ப அமைகிறது. மேடு ஏறுவதற்கும் அவ்வாறே. சக்கரம் தரையில் உருளும்போது ஏற்படும் தடையும் எடைக்கேற்பவே கூடும். தடுப்பு விசையை அழுத்தி வண்டியை நிறுத்தும்போதெல்லாம் முன்பு செலவிட்ட ஆற்றல் வெப்பமாகி வீணாகிறது. கனமான வண்டியில் இவ்வீண் மிகுதி. காற்றின் தடை ஒன்றுதான் எடையைச் சாராதது. மேலும் உடல் இலேசானால் சிறிய எஞ்சின் போதும். சிறிய எஞ்சினைத் தாங்க மெலிந்த சட்டம் போதும். அதனைத் தாங்க மெலிந்த வில்லும் சக்கரமும் போதும். ஓரிடத்தில் குறைத்த எடை வேறு பல இடங்களிலும் எடையைக் குறைக்கும். இக்காலக் கார்களில் எடை 10 விழுக்காடு குறைந்தால் எரிபொருள் 6 முதல் 8 விழுக்காடு மிச்சமாகும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டுள்ளது.

வலிமை வேறு, எடை வேறு என்பதை ஃபோர்டு தம் நூலில் வற்புறுத்துகிறார். பருத்த உடலினரைவிட மெலிந்த உடலினர் விரைந்து ஓடுவதைக் கண்டும், ஊர்திகளில் மட்டும் கனமே உறுதி என்று மக்கள் நம்புவது ஏன் என்பது அவர் வினா. எஞ்சினின் கொள்ளளவுக்கு இத்தனை பவுண்டு எடை என்று கணக்கிட்டுத் தம் காரைப் பிற கார்களோடு ஒப்பிட்டுக் காட்டுவது அவர் வழக்கம்.

‘டி’ கார் ஒரு காலன் பெட்ரோலில் 13 முதல் 21 மைல் வரை ஓடியது. இன்றைய அளவில் லிட்டருக்கு ஐந்தரை முதல் ஒன்பது கிலோமீட்டர். இன்றைய எஞ்சின்களின் நுட்பம் எதுவும் இல்லாத காலத்தில் உழவர்கள் தாங்கக்கூடிய செலவு அது. 1913இல் ஹைலண்டு பார்க் ஆலையில் நகரும் தொகுப்பு வரிசை அமைந்தபின், ஓர் அடிச்சட்டத்தைப் பூட்டும் நேரம் பன்னிரண்டரை மணியிலிருந்து ஏறத்தாழ ஒன்றரை மணியாகக் குறைந்தது. தொடக்கத்தில் 850 டாலருக்கு விற்ற வண்டியின் மிகக் குறைந்த விலை 1920களின் நடுவில் 300 டாலருக்கும் கீழே இறங்கியது. 1927இல் உற்பத்தி நின்றபோது 1 கோடியே 50 இலட்சம் வண்டிகள் வெளிவந்திருந்தன. குறைந்த பொருள், குறைந்த விலை, குறைந்த எரிபொருள் என்ற மூன்றும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவை என்பதை இவ்வெண்கள் உணர்த்தும்.

வானூர்தியிலும் அதே நெறி

எடையின் கொடுமை வானில்தான் முழுமையாகப் புலப்படும். 1925இல் ஃபோர்டு, வில்லியம் ஸ்டவுட் என்பவரின் உலோக விமான நிறுவனத்தை வாங்கினார். அங்கு மூன்று எஞ்சின் கொண்ட பயணிகள் விமானம் உருவாயிற்று. மரமும் துணியும் கொண்டு விமானம் செய்த காலத்தில், அதன் உடலும் சிறகும் அலுமினியக் கலவைத் தகட்டால் ஆகியிருந்தன. தகட்டை அலையலையாக மடித்துவிட்டால் மெல்லிய தகடும் விறைப்புப் பெறும். நம் ஊர்க் கூரைத் தகரத்தில் காணும் அதே உத்தி. இவ்வுத்தியில் முன்னோடி செருமானியரான ஊகோ யங்கர்சு என்பதையும் கூறவேண்டும். 1933க்குள் இத்தகைய 199 விமானங்கள் செய்யப்பட்டன.

வயலில் விளைந்த வண்டி

1929இல் தொடங்கிய பொருளாதாரப் பெருமந்தத்தில் அமெரிக்க உழவர்கள் நலிவுற்றனர். விளைபொருளுக்கு விலையில்லை. உழவர் மகனான ஃபோர்டின் மனத்தில், வயலில் விளைவதைத் தொழிற்சாலையே வாங்கிக்கொண்டால் என்ன என்ற எண்ணம் எழுந்தது. டியர்பார்னில் ஓர் ஆய்வகம் அமைத்து, இராபர்ட் பாயர் என்ற இளம் வேதியியலாரிடம் ஒப்படைத்தார். பல பயிர்களை ஆராய்ந்தபின் சோயா மொச்சை தேர்ந்தெடுக்கப்பட்டது. அதன் எண்ணெய் வண்ணப்பூச்சுக்கு உதவியது. எண்ணெய் எடுத்தபின் எஞ்சிய புரதப் பிண்ணாக்கு பிளாஸ்டிக் உறுப்புகளுக்கு உதவியது. 1930களின் நடுவில் ஒவ்வொரு ஃபோர்டு காரிலும் ஏறத்தாழ 60 பவுண்டு சோயா மொச்சை ஏதேனும் ஓர் உருவில் இடம்பெற்றிருந்தது.

அடுத்த கட்டம் காரின் புற உடலையே பிளாஸ்டிக்கால் ஆக்குவது. 1940 நவம்பரில், தம் சொந்தக் காரின் பின்புறத்தில் பொருத்திய பிளாஸ்டிக் மூடியைச் செய்தியாளர் முன்னிலையில் ஃபோர்டு கோடரியால் ஓங்கி அடித்துக் காட்டினார். மூடி நெளியவில்லை. அப்போது அவருக்கு வயது எழுபத்தேழு. 1941 ஆகஸ்டு 13ஆம் நாள் டியர்பார்ன் விழாவில் அவ்வகைக் கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. எஃகுக் குழாய்களால் ஆன சட்டத்தின்மேல் பதினான்கு பிளாஸ்டிக் பலகைகள் பொருத்தப்பட்டிருந்தன. எடை ஏறத்தாழ 2,000 பவுண்டு. அதே அளவுள்ள எஃகுக் காரைவிட 1,000 பவுண்டு, அதாவது சுமார் 450 கிலோ குறைவு. எடையைத் தாங்கும் வேலையை மெல்லிய சட்டத்துக்குத் தந்து, மூடும் வேலையை மட்டும் பலகைகளுக்குத் தந்த அமைப்பு அது. வண்டியின் எடையைக் குறைக்க வேண்டும் என்னும் இளமைக் கனவும், உழவர்க்கு உதவவேண்டும் என்னும் முதுமைக் கனவும் அதில் ஒன்றுகூடின.

அதே ஆண்டின் இறுதியில் காந்தியடிகள் கையொப்பமிட்டு அனுப்பிய இராட்டை ஒன்று ஃபோர்டுக்கு வந்து சேர்ந்தது. பேரியந்திரங்களின் தலைவருக்கும் கைராட்டையின் தலைவருக்கும் இடையே இருந்த தொலைவு பெரிது. எனினும் கிராமத்தின் விளைபொருள் கிராமத்தானுக்குப் பயன்தர வேண்டும் என்ற ஒரு புள்ளியில் இருவர் எண்ணமும் நெருங்கியது.

சோயாக் கார் விற்பனைக்கு வரவில்லை. 1941 திசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியது; 1942 தொடக்கத்தில் பொதுமக்களுக்கான கார் உற்பத்தியே நின்றது. காட்சிக்கு வைத்த கார் பின்னர் அழிக்கப்பட்டது. பலகைகளின் சரியான சேர்மானத்தைக் கூறும் ஏடு எதுவும் எஞ்சவில்லை.

இறக்கி வைக்காத சுமை

ஒருவர் வாழ்வை எழுதப் புகுவோர் அவருடைய புகழை மட்டும் எழுதிச் செல்வது அறமாகாது. ஃபோர்டின் வாழ்வில் நாம் மனம் கசந்து படிக்க வேண்டிய பக்கங்களும் உள்ளன.

1914இல் கூலியை ஐந்து டாலராக உயர்த்தியவர், அக்கூலியைப் பெறுவோரின் வீடுகளுக்கு ஆய்வாளர்களை அனுப்பி அவர்தம் குடும்ப ஒழுக்கத்தை வேவு பார்க்கச் செய்தார். 1932 மார்ச்சு 7ஆம் நாள், வேலையிழந்து பசியோடு அணிவகுத்து வந்த தொழிலாளர்மீது டியர்பார்ன் காவலரும் நிறுவனத்தின் காவலரும் சுட்டனர், உயிர்கள் பலியாயின. 1937இல் தொழிற்சங்கத் துண்டறிக்கை வழங்க வந்தவர்கள் ஆலை வாயிலில் அடித்து நொறுக்கப்பட்டனர். தொழிற்சங்கத்தை அவர் ஏற்றது 1941இல்தான். பிற பெரிய கார் நிறுவனங்கள் ஏற்று நான்காண்டு கழிந்தபின்.

இவற்றினும் கொடியது, அவருக்குச் சொந்தமான வார இதழ் 1920 முதல் யூத மக்கள்மீது பரப்பிய வெறுப்பு. 1927இல் அவர் மன்னிப்புக் கேட்டு இதழை மூடினார். எனினும் அக்கட்டுரைகள் நூலாகிச் செருமனியில் பரவிவிட்டன. இட்லர் அவரைப் போற்றினார். 1938இல் தம் எழுபத்தைந்தாம் பிறந்தநாளில் நாசி அரசு அளித்த விருதை ஃபோர்டு ஏற்றுக்கொண்டார். திரும்பக் கொடுக்குமாறு பலர் கேட்டும் கொடுக்கவில்லை.

வீட்டிலும் துன்பமே. மகன் எட்செல் 1919இல் நிறுவனத் தலைவரானார். ஆயின் அதிகாரம் தந்தையிடமே இருந்தது. ‘டி’ வண்டி காலத்துக்குப் பின்தங்கிவிட்டது என்பதை மகன் உணர்ந்து கூறியும் தந்தை பல்லாண்டு செவிசாய்க்கவில்லை. பிறர் முன்னிலையில் மகனின் முடிவுகளைத் தந்தை மாற்றினார். 1943 மே 26ஆம் நாள், நாற்பத்தொன்பதாம் வயதில், எட்செல் புற்றுநோயால் மறைந்தார்.

எஃகின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, இதற்கு எது பொருந்தும், எது மிகை என்று ஆய்ந்த அதே மனிதர், தம் உள்ளத்தில் ஏறியிருந்த பகையையும் பிடிவாதத்தையும் அவ்வாறு எடுத்துப் பார்த்தாரில்லை. வளைந்து கொடுக்கும் சட்டம் முறியாது என்பதை வண்டியில் மெய்ப்பித்தவர், வீட்டிலும் ஆலையிலும் வளைந்து கொடுக்க மறுத்தார். அதன் விலையைக் கொடுத்தவர்கள் அவருடைய தொழிலாளர்களும், அவர் ஒருபோதும் கண்டிராத தொலைநாட்டு யூத மக்களும், அவருடைய ஒரே மகனும் ஆவர்.

இறுதி நாளும் எச்சமும்

1945இல் தலைமைப் பொறுப்பு பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டிடம் சென்றது. 1947 ஏப்பிரல் 7ஆம் நாள் இரவு, ரூச் ஆற்றின் வெள்ளத்தால் மின்சாரம் தடைப்பட்டிருந்த தம் இல்லத்தில், மெழுகுவத்தியும் எண்ணெய் விளக்கும் எரிய, ஹென்றி ஃபோர்டு எண்பத்து மூன்றாம் வயதில் காலமானார்.

பெட்ரோல் மலிவாகக் கிடைத்த பிற்காலத்தில் அமெரிக்கக் கார்கள் நீண்டு பருத்தன. எடை பற்றிய கவலை மறைந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தபோதுதான் அக்கவலை மீண்டது. மெல்லிய உயர்வலிமை எஃகு, அலுமினியம், மக்னீசியம், கரியிழை என ஒவ்வொன்றாகப் பொறியாளர்கள் தேடத் தொடங்கினர். எஃகில் வெனடியம், நியோபியம் போன்றவற்றை மிகச் சிறு அளவில் கலக்கும் முறை பெருகியது. ஃபோர்டு நிறுவனமே 2008ஆம் ஆண்டின் ‘முஸ்டாங்’ காரில் சோயா எண்ணெயிலிருந்து ஆக்கிய இருக்கை நுரையைப் பொருத்தியது. 2014இல் டியர்பார்னில், அவர் நிறுவிய ரூச் ஆலை வளாகத்திலேயே, அலுமினியக் கலவை உடல் கொண்ட ‘எஃப் 150’ சரக்குந்து உருவாகத் தொடங்கியது. முந்தைய வகையைவிட அதன் எடை 700 பவுண்டு, அதாவது 318 கிலோ வரை குறைந்திருந்தது. மின்கலத்தால் இயங்கும் கார்கள் வந்தபின்னும் இவ்வினா ஓய்ந்துவிடவில்லை. கனத்த மின்கலத்தைச் சுமக்கும் அவற்றுக்கு உடலின் எடையைக் குறைப்பது இன்னும் இன்றியமையாததாகிறது.

காரைக் கண்டுபிடித்தவர் ஃபோர்டு அல்லர். வெனடியத்தைக் கண்டறிந்தவரும் அல்லர். பொருளின் தன்மை அறிந்து, தேவைக்கு மேல் ஒரு பிடி உலோகமும் இடாமல், ஏழை உழவனுக்கு எட்டும் வண்டியைச் செய்தார். அது அவர் செய்த நற்பணி. அதனை நன்றியோடு போற்றுவோம். அவர் இறக்கி வைக்காமல் சென்ற சுமைகளையும் மறவாது குறித்துவைப்போம். வலியறிதல் என்பது தன் வலிமையை மட்டுமன்றித் தன்மேல் ஏறியுள்ள பாரத்தையும் அறிவதே என்று இவ்வாழ்வு நமக்கு உணர்த்துகிறது.